பிந்தி வந்த அண்ணன்



சித்திரைத் திருவிழாவுக்காகத் தல்லாகுளத்தில் பந்தக்கால் ஊன்ற ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் அலுவலகச் சன்னலைத் திறந்தால் ரோட்டோரத்தைக் கடப்பாரை கொத்துகிற சத்தம் கேட்கிறது. இன்னும் சில நாளில் இந்தத் தெருவே மண்டகப்படியாக மாறிவிடும். மேசையின் ஒரு பக்கம் சித்திரைச் சிறப்பிதழின் பக்கங்கள், இன்னொரு பக்கம் நீங்கள் அனுப்பிய கதைகள். ‘முரண்நகை’ என்று பொருள் கொடுத்துச் சிறுகதை கேட்டிருந்தோம். கட்டுக்கட்டாக வந்து குவிந்ததில் மனசு நிறைந்துபோயிற்று. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். படித்ததைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

கடிதம் எழுதியவர்களில் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: முரண்நகை என்றால் சரியாக என்ன? நினைத்தது ஒன்று, நடந்தது வேறு என்றால் போதுமா? போதாது என்பது என் எண்ணம். ஊருக்குக் கிளம்பினேன், மழை பிடித்துக்கொண்டது என்றால் அது கெட்ட நேரம், அவ்வளவுதான். மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று குறுக்கு வழியில் போனேன், மழை அந்த வழியில் மட்டும்தான் பெய்தது என்றால் அங்கே ஒரு கதை முளைவிடுகிறது. தவிர்க்க எடுத்த முயற்சியே கொண்டுபோய் மாட்டிவிடுகிறது பாருங்கள், அதுதான் விஷயம்.

இதை நம் கிழவிகள் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது, கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று எத்தனையோ உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பது. கடைவதால்தான் வெண்ணெய் திரள்கிறது. அதே கடைதலில்தான் தாழியும் உடைகிறது. வெளியிலிருந்து யாரும் வந்து கல்லெறியவில்லை. இரண்டையும் செய்தது ஒரே கை.

மதுரைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கூடிக் கொண்டாடுவதே ஒரு முரண்நகைக் கதையைத்தான். தங்கை மீனாட்சிக்குக் கல்யாணம். அண்ணன் அழகர் சீர்வரிசையோடு மலையிலிருந்து கிளம்புகிறார். பதினெட்டாம்படிக் கருப்பிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, கள்ளர் கோலத்தில், சுமார் 20 கிலோமீட்டர் வருகிறார். வழியெல்லாம் மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் நின்று, மரியாதை ஏற்று, ஜனங்களுக்கு முகம் காட்டிவிட்டு வர வேண்டியிருக்கிறது. வந்து ஆற்றில் இறங்கும்போது சேதி கிடைக்கிறது: கல்யாணம் முடிந்துவிட்டது. திருப்பரங்குன்றத்திலிருந்து வந்த பவளக்கனிவாய்ப் பெருமாள் தாரைவார்த்துக் கொடுத்தாகிவிட்டது. கோபித்துக்கொண்டு அழகர் ஊருக்குள் போகாமலே வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார்.

இந்தக் கதையை நான் ஓர் எழுத்துக்காரனாகப் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அழகரை யார் தாமதப்படுத்தினார்கள்? எதிரி எவனும் இல்லை. வழிநெடுக நின்று வரவேற்ற அன்பு ஜனங்கள்தான் தாமதப்படுத்தினார்கள். அண்ணன் வருகிறார் என்று சந்தோஷப்பட்டவர்களே அண்ணனைக் கல்யாணத்துக்குப் பிந்த வைத்துவிட்டார்கள். எதிர்சேவை என்று நாம் தல்லாகுளத்தில் கூடி நின்று செய்வது அதைத்தான். அன்பினால் வருகிற தாமதம் என்பதால்தான் இந்தக் கதைக்கு இத்தனை நூற்றாண்டாக வயசாகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோயில் வழக்கத்தின்படி அழகர் வருவது கல்யாணத்துக்கே அல்ல. மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வருகிறார் என்பதுதான் கணக்கு. முன்பெல்லாம் அவர் ஆற்றில் இறங்கியது தேனூரில். மீனாட்சி கல்யாணம் நடந்தது மாசி மாதத்தில். திருமலை நாயக்கர் காலத்தில், அதாவது 1623க்கும் 1659க்கும் இடையில், இரண்டும் சித்திரைக்கும் மதுரைக்கும் வந்து சேர்ந்தன என்பார்கள். தொ. பரமசிவன் தன் ‘அழகர் கோயில்’ ஆய்வில் இந்த விழாவையும் இதைச் சுற்றிய மக்கள் கதைகளையும் அக்கறையோடு ஆராய்ந்திருக்கிறார். எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், பக்கத்துப் பக்கத்துத் தேதிகளில் இரண்டு தனித்தனி விழா இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஜனங்கள் அண்ணன் தங்கை என்ற உறவை வைத்துத் தைத்தார்கள். முந்தி நடந்தது தங்கை கல்யாணம், பிந்தி வந்தவர் அண்ணன். அந்த ஒரே தையலில் கதை பிறந்துவிட்டது. பெயர் தெரியாத அந்த முதல் கதைசொல்லியைவிடப் பெரிய சிறுகதை ஆசிரியர் யாரும் இந்த ஊரில் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அழகர் வருகிற அதே பாதையில், அப்பன்திருப்பதியைத் தாண்டி, கடச்சனேந்தல் இருக்கிறது. கடைச்சிலம்பு ஏந்தல்தான் கடச்சனேந்தல் ஆயிற்று, கோவலன் கண்ணகியிடம் சிலம்பை வாங்கிக்கொண்டு கிளம்பிய இடம் அது என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். பெயர்க் காரணம் எப்படியோ இருக்கட்டும். அந்த ஊர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்குக் கோவலன் ஞாபகம் வரும். அவன் திருந்திய மனிதனாகத்தான் மதுரைக்கு வந்தான். விட்டதைப் பிடிக்க வேண்டும், சிலம்பை முதலாக வைத்து வியாபாரம் தொடங்க வேண்டும் என்று வந்தான். ஊரில் எத்தனையோ பொற்கொல்லர்கள் இருக்க, அரசியின் சிலம்பைத் திருடிய ஆளிடமே போய் விலை கேட்டான். தப்பு செய்துகொண்டிருந்த காலத்தில் அவன் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சரியாக வாழக் கிளம்பியபோதுதான் அவன்மேல் வாள் விழுந்தது. ஒரே ரோட்டில் இப்படி இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு நாம் திருவிழா எடுக்கிறோம். இன்னொன்று நம் ஊரையே எரித்தது.

நவீனச் சிறுகதைக்கு வருகிறேன். தமிழின் முதல் சிறுகதை எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் பலரும் முதலில் வைத்துச் சொல்வது வ.வே.சு. ஐயர் 1915இல் வெளியிட்ட ‘குளத்தங்கரை அரசமரம்’. அந்த ஆரம்பமே முரண்நகையில்தான் நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். ருக்மிணியின் அப்பா அர்பத்நாட் கம்பெனி திவாலானதில் சொத்தை இழக்கிறார். 1906இல் அந்த வீழ்ச்சி எத்தனையோ குடும்பங்களை நிஜமாகவே தெருவுக்குக் கொண்டுவந்தது. பணம் போனதும் சம்பந்தி வீட்டார் மனசு மாறிப் பிள்ளைக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள். நாகராஜன் மனைவியைக் கைவிடுகிற ஆள் இல்லை. பெற்றோருக்கு ஒரு பாடம் புகட்டலாம், கடைசி நேரத்தில் எல்லாரையும் அசத்திவிடலாம் என்று சம்மதிப்பதுபோல் நடிக்கிறான். அந்த நடிப்பை ருக்மிணி நிஜமென்று நம்பிக் குளத்தில் விழுந்துவிடுகிறாள். அரசமரம் பார்த்துக்கொண்டே நிற்கிறது.

நாகராஜன் கெட்டவனாக இருந்திருந்தால் இது வெறும் சோகக் கதை. அவன் நல்லவன். அவளுக்காகத்தான் நடித்தான். அவளிடம் மட்டும் மனம்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாததற்குக் காரணமும் பிரியம்தான், அவளைச் சந்தோஷத்தில் திகைக்க வைக்க வேண்டும் என்ற இளவயசு ஆசை. பத்துப் பதினைந்து வயசில் இந்தக் கதையை முதலில் படித்தபோது நான் நாகராஜன் மேல் கோபப்பட்டேன். இப்போது படித்தால் அவனை நினைத்துத்தான் தொண்டை அடைக்கிறது.

ஐயர் 1925இல் பாபநாசம் அருவியில், தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய், தானும் போய்விட்டார். குளத்தில் முடிந்த கதையை எழுதியவரின் முடிவு அருவியில் என்று யாராவது ஒரு முடிச்சுப் போட்டுப் பேசும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை. ஒரு தகப்பன் தண்ணீரில் குதித்தார். அது கதை அல்ல. அதைக் கதையாக்குகிற உரிமை நமக்கு இல்லை.

கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’யைப் படிக்காதவர்கள் இந்த வாரமே தேடிப் படியுங்கள். ஊரிலேயே யார் வீட்டிலும் நாற்காலி இல்லாத காலம். ஒரு வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் முக்காலியிலிருந்து விழுந்துவிடுகிறார். அதனால் அந்த வீட்டில் நாற்காலி செய்யலாம் என்று முடிவாகிறது. வீடே கூடிப் பேசி, மரம் தேர்ந்து, தச்சரை வைத்துச் செய்கிறார்கள். மாமா வீட்டுக்கும் ஒன்று. பிள்ளைகள் போட்டி போட்டு உட்காருகிறார்கள். பிறகு ஒரு ராத்திரி கதவு தட்டப்படுகிறது. ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார், சாத்தி உட்கார வைக்க நாற்காலி வேண்டும். கொடுக்கிறார்கள். திரும்பி வந்த நாற்காலியைக் கழுவி வைத்தாலும் யாருக்கும் உட்காரத் தைரியம் வரவில்லை. அதன்பிறகு யார் செத்தாலும் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். கேட்டு வருகிறவர்களை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடும் வரைக்கும் கதை போகிறது. முடிவை இங்கே சொல்ல மாட்டேன்.

வாழ்கிறவர்களுக்குச் செய்த ஆசனம் செத்தவர்களுக்குப் போய்ச் சேருகிறது. கி.ரா. ஒரு இடத்திலும் நின்று இதைச் சுட்டிக்காட்டவே இல்லை. தச்சர் சீவிய மரத்தைப் பற்றியும் பிள்ளைகள் போடுகிற சண்டையைப் பற்றியும் அத்தனை ஆசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த ஆசைதான் பிறகு நம்மைப் பிடிக்கிறது. நாற்காலி மேல் நமக்கும் ஆசை வராமல் போயிருந்தால், அது பிணம் சுமந்தபோது நமக்கு ஒன்றும் செய்திருக்காது.

கு.ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’ இன்னும் மெல்லிய வேலை. கணவனுக்கு ஆபத்து என்று தந்தி வருகிறது. குஞ்சம்மாளும் அவள் தம்பியும் சென்னைக்கு ராத்திரி ரயிலில் போகிறார்கள். இருக்கிறாரா, போய்விட்டாரா? விடிய வேண்டும், விடிய வேண்டும் என்று ரயிலோடு சேர்ந்து மனசும் ஓடுகிறது. விடிகிறது. ஆஸ்பத்திரியில் சேதி தெரிகிறது, அவர் போய்விட்டார். அந்த இடத்தில் ஓர் ஆறுதல் வருகிறது பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிட்டது என்ற ஆறுதல். அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! திருப்பம் என்று எதுவும் இல்லை. தந்தி வந்த கணத்திலேயே முடிவு நமக்குத் தெரியும். முரண் முழுவதும் அவர்கள் மனசுக்குள் நடக்கிறது.

சிலர் தலைப்பிலேயே வேலையை முடித்துவிடுவார்கள். புதுமைப்பித்தன் ‘பொன்னகரம்’ என்று பெயர் வைத்துவிட்டு நம்மை எந்தச் சந்துக்குள் கூட்டிப்போகிறார் என்று உங்களுக்குத் தெரியும். அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால்கஞ்சி வேண்டும் என்பதற்காக அம்மாளு இருட்டுக்குள் போகிறாள். நம் ஊரில் வாழ்ந்து, 1981இல் நம் ஊரிலேயே மறைந்த ஜி. நாகராஜன், இதோ இந்தப் பக்கத்திலிருக்கும் அமெரிக்கன் கல்லூரியில் ஒரு காலம் ஆசிரியராக இருந்தவர். அவருடைய நாவலின் பெயர் ‘நாளை மற்றுமொரு நாளே’. ஒரு மனிதனுடைய நாள் தலைகீழாகிக்கொண்டே போகிறது, தலைப்போ நாளையும் ஒரு நாள்தான் என்று அமைதியாகச் சொல்கிறது.

இனி உங்கள் கதைகள். மனசில் பட்டதைச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். பாதிக்கு மேற்பட்டவை கடைசி வரியை நம்பி எழுதப்பட்டிருந்தன. கடைசி வரியில் அவன் கனவிலிருந்து விழிக்கிறான். கடைசி வரியில் பேசிக்கொண்டிருந்தவள் எப்போதோ செத்துப்போனவள் என்று தெரிகிறது. வாரப் பத்திரிகைகளின் ஒரு பக்கக் கதைகளில் வளர்ந்தவர்கள் நாம், எனக்கும் அந்த ருசி உண்டு. ஆனால் அந்தக் கடைசி வரி வாசகரிடமிருந்து எதையோ மறைத்து வைத்து எடுத்து நீட்டுவது. முரண்நகையில் மறைக்க ஒன்றும் இல்லை. எல்லாம் முதல் பத்தியிலிருந்தே கண்முன்னால் இருக்கும், ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குப் பிடிபடாது. ஓ. ஹென்றியின் கதையில் மனைவி தலைமுடியை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள், கணவன் கடிகாரத்தை விற்று அவள் முடிக்குச் சீப்பு வாங்குகிறான். முடிவு தெரிந்த பிறகும் உலகம் நூறு வருஷத்துக்கு மேலாக அதைப் படித்துக்கொண்டிருப்பது ஏன்? அவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த பிரியத்தைத் திரும்பப் பார்க்கத்தான்.

என் அப்பத்தாவைப் பற்றிச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். அவர் வீடு தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரம். எதிர்சேவை அன்று சாயங்காலமே பித்தளைச் சொம்பைப் புளி போட்டு விளக்கி, சர்க்கரை நிறைத்து, வாழையிலைத் துண்டால் மூடி, மேலே சூடத்தை வைத்துக்கொண்டு தெரு ஓரத்தில் இடம் பிடித்துவிடுவார். எனக்குப் பத்து வயசு இருக்கும். அந்த வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. புதுக்கண்ணால் அழகரைப் பார்க்க வேண்டும் என்று மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோவிந்தா சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. தீவட்டி வெளிச்சம் தெரிகிறது. அப்போது ஒரு சின்னப்பயல், மூன்று நான்கு வயசு இருக்கும், கூட்டத்தில் தாயைத் தொலைத்துவிட்டு அப்பத்தா சேலையைப் பிடித்துக்கொண்டு அலறினான். அப்பத்தா என்னைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போலீஸ் பந்தலைத் தேடிக் கூட்டத்துக்குள் போய்விட்டார். தாய் கிடைத்து, பிள்ளையைக் கொடுத்து, அவர் முண்டியடித்துத் திரும்பி வந்தபோது அழகர் எங்களைக் கடந்து போயிருந்தார். தெரியும் தூரத்தில் ஜனங்களின் முதுகுதான் இருந்தது. சூடத்தை ஏற்றி அந்த முதுகுகளைப் பார்த்துக் காட்டினார். கை நடுங்கியது. நான் அழுதுவிட்டேன்.

“ஏண்டா அழுகுற? அவரு தங்கச்சி கல்யாணத்துக்குப் பிந்துனாரு. நான் அவருக்குப் பிந்திட்டேன். இனிமே நாங்க ஒரே சாதிசனம்” என்றார். பிறகு சர்க்கரையை அள்ளி என் வாயில் போட்டார். சூடத்தின் வாசம் ஏறிய சர்க்கரை.

அவர் தூங்கிப்போய் அழகரைத் தவறவிட்டிருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். அவர் எப்படிப்பட்ட மனுஷியோ அதனாலேயே தவறவிட்டார். பிள்ளையை உதறிவிட்டு நின்றிருந்தால் அவர் அப்பத்தாவாக இருந்திருக்க மாட்டார். உங்கள் கதையில் வருகிறவரிடமும் இதைத்தான் தேடிப் பாருங்கள் என்று கேட்கிறேன். அவருக்கு எது ரொம்ப வேண்டும்? எதைச் செய்யாமல் அவரால் இருக்க முடியாது? இரண்டும் ஒரே தெருவில் ஒன்றுக்கொன்று எதிரே வரட்டும்.

இந்த இதழுக்குத் தேர்ந்தவற்றில் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கதை. இதுவரை எங்கும் எழுதாத ஒரு பெண்மணி எழுதியது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், அம்மா கை வலிக்க ஆட்டுகிறாளே என்று, தீபாவளி போனஸில் கிரைண்டர் வாங்கி வருகிறான். பழைய ஆட்டுரலைப் பெயர்த்துத் தெருவில் போட்டுவிடுகிறான். அந்த ஆட்டுரலுக்குத்தான் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஊறவைத்த அரிசியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒருத்தி ஆட்ட, இன்னொருத்தி தள்ளிவிட, பேச்சு ஓடும். கிரைண்டர் வந்த பிறகு யாரும் வருவதில்லை. கிரைண்டர் ஓடும்போது பேசினால் காதிலும் விழுவதில்லை. கடைசிக் காட்சியில் அம்மா மத்தியான வெயிலில் வெளியே வந்து, தெருவில் கிடக்கிற ஆட்டுரலின் குழியில் தேங்கிய மழைத்தண்ணீரைக் கையால் இறைத்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள்.

அதற்குப் பிறகு இன்னொரு பத்தி இருந்தது. மகன் கொடுத்தது ஓய்வல்ல, தனிமை என்று விளக்குகிற பத்தி. நான் போன் செய்து, “அம்மா, தப்பா நினைக்காதீங்க, அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துரலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “எடுத்துருங்கய்யா. எழுதுறப்பவே வேண்டாம்னுதான் தோணுச்சு. நீங்க படிக்கையில அந்தம்மா ஒக்காந்ததக் கவனிக்காமப் போயிருவீகளோன்னு பயந்துதான் எழுதிப்போட்டேன்” என்றார்.

கவனித்தேன் என்று சொன்னேன். தண்ணீரை இறைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டதைக்கூடக் கவனித்தேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கதை 42ஆம் பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்